கூடாரத்துள் நுழைந்த ஒட்டகம்

பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கிய அரபியின் கதையை நம்முள் அறியாதார் இலர். குளிர் தாங்காத ஒட்டகம் முதலில் தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள இடம் கேட்டது. பின்னர் கழுத்தையும், அதன்பின் முன்னங்கால்களையும் நுழைத்தது. ஈற்றில் ஒட்டகம் கூடாரத்தினுள்ளும் அரபி குளிரிலுமாக அவ்விரவு கழிந்தது. பாலபாடத்திற் படித்துச் சிரித்த இக்கதை இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நாள்தோறும் நடைபெறுகின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

கூடாரம் நமது கைத்தொலைபேசியின் சேமிப்பிடம். ஒட்டகம், அதனுள் நாமே அழைத்துவந்து குடியிருத்திய 'ஆப்' எனப்படும் செயலி. வந்த நாளில் அது சிறிய இடத்தோடு அமைந்து கிடக்கின்றது. சில வாரங்கள் சென்றதும் 'அப்டேட்' என்னும் புதுப்பிப்பொன்று வருகின்றது. செயலி சற்றே பருக்கின்றது. அடுத்ததும் வருகின்றது, மேலும் பருக்கின்றது. ஒரு நாள், சேமிப்பிடம் போதாது என்ற அறிவித்தல் திரையிலே தோன்றுகின்றது. அப்பொழுது கூடாரத்தைவிட்டு வெளியேற்றப்படுவது யார் என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் விஷயம்.

பொத்துவிலிலும் சரி, அக்கரைப்பற்று, கல்முனை முதலிய அயலூர்களிலும் சரி, மாலை வேளையில் இத்தகைய உரையாடலைக் கேட்பது அரிதன்று.

"உம்மா, போன்ல இடமில்லயாம். பழைய படங்கள அழிக்கட்டா?"

"அழிச்சிப் போட்டுடாத மகள்! எங்குட வாப்பாட கடைசிப் படம் அதுலதான் கிடக்கு."

மகள் செய்யத் துணிந்ததைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. நாளைய பாடக்குறிப்பு வட்ஸ்அப்பில் வரவேண்டும். செயலியோ புதுப்பித்தாலன்றித் திறவேன் என்கின்றது. கண்ணுக்குத் தெரிகின்ற பாரம் படங்களே ஆதலின் அவற்றிலே கைவைக்கின்றாள். ஆயினும் உம்மாவின் பதற்றத்தில் ஆழ்ந்த நியாயம் உண்டு. செயலியை நாளைக்கும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மறைந்த ஒருவரின் முகத்தை எங்கிருந்து இறக்குவது?

கடல் கொண்டுபோன படங்கள்

நமது கரையோரத்தவர்க்கு இவ்வினா வெறும் வாய்ப்பேச்சன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டது. உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. உயிரும் உடைமையும் போன அந்நாளில், கண்ணாடிச் சட்டத்துள் சுவரில் தொங்கிய படங்களும், பெட்டகத்துள் இருந்த கலியாண அல்பங்களும், பிறப்புச் சான்றிதழ்களும், காணி உறுதிகளும் சேற்றோடு சேறாயின. சான்றிதழுக்குப் பதிவேடு உண்டு, மறுபிரதி பெறலாம். படத்துக்கு எந்தப் பணிமனையிலும் பதிவேடு இல்லை. பெற்றவரின் முகத்தை நினைவில் மட்டுமே வைத்து வளர்ந்த பிள்ளைகள் இக்கரையில் உளர்.

அதன்பின் எடுக்கப்பட்ட படங்களுட் பல தாளையே கண்டதில்லை. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டு அதிலேயே தங்கிவிட்டன. பழைய மரப்பெட்டகத்தின் வேலையை இன்று உள்ளங்கையளவான இக்கருவி செய்கின்றது. 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் பாடங்களை வட்ஸ்அப் வழியே அனுப்பலாயினர். பெட்டகத்தினுள் பள்ளிக்கூடமும் வந்து அமர்ந்தது. அருகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கிவிட்டால், முச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கும் அறை வாடகைக்கு விடுவோர்க்கும் வரைபடமும் முன்பதிவும் அதனுள்ளேயே. 2022 இல் டொலரின் விலை சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறவே, இறக்குமதிப் பொருளாகிய கைத்தொலைபேசி பலருக்கு எட்டாக்கனி ஆயிற்று. உம்மா, வாப்பா, உயர்தரம் படிக்கும் மூத்தவள், ஐந்தாம் ஆண்டுத் தம்பி ஆகிய நால்வர்க்கும் ஒரே கருவி; அதுவும் பழைய கருவி. இத்தகைய வீட்டில் இடநெருக்கடி என்பது குடும்பப் பிரச்சினையே அன்றோ?

32 என்றால் 32 அன்று

முதலிற் கூடாரத்தின் அளவைப் பார்ப்போம். பெட்டியில் 32 ஜிகாபைட் என அச்சிட்டிருக்கும். உற்பத்தியாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றார். கணினி உலகில் வழங்கும் மற்றொரு கணக்கோ இரண்டின் மடங்குகளைக் கொண்டது. அதன்படி ஒரு ஜிகாபைட் 1,073,741,824 பைட். இவ்விரண்டாவது கணக்கிற் பார்த்தால் 32 என்பது 29.8 ஆகின்றது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. அளக்கும் மரைக்கால் வேறுபட்டால் நெல்லின் கணக்கும் வேறுபடுவது போன்றதே. அதிலிருந்து, கருவியை நடத்தும் 'அண்ட்ராய்ட்' என்னும் இயங்குதளமும், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்பட்ட செயலிகளும் பல ஜிகாபைட்டுகளை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதே நமக்கு உரியது.

எஞ்சிய இடத்தில் ஒவ்வொரு செயலியும் மூன்று வகைப் பொருள்களை வைக்கின்றது. முதலாவது, செயலி தானே. இரண்டாவது, அதனை நாம் பயன்படுத்தியதனால் உண்டான தரவு. உரையாடலும் கணக்கும் சேமித்த பாடமும் இதனுள் அடங்கும். மூன்றாவது 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பு. (இது காசைக் குறிக்கும் சொல்லன்று!) ஒருமுறை பார்த்ததை மறுமுறை இணையத்திலிருந்து கொண்டுவராமல் விரைவிற் காட்டுவதற்காக எடுத்துவைத்திருப்பது அது. கருவியின் 'செட்டிங்ஸ்' பகுதியிற் செயலியின் பெயரைத் தொட்டுச் சேமிப்பு விபரத்தைப் பார்த்தால், இம்மூன்றின் அளவும் தனித்தனியே தெரியவரும். அப்டேட் வரும்பொழுது மாற்றப்படுவது முதலாவது பொருள். நமது தரவு அதனால் அழிவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மேல் வருவன எளிதில் விளங்கும்.

சூடடிக்கும் களம்

'அப்டேட் 30 மெகாபைட்தானே. போனில் 100 மெகாபைட் இடம் இருக்கின்றது. ஏன் முடியாது என்கின்றது?' என்று மாணவர் கேட்பதுண்டு. நமது வயல்வெளியை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பத்து மூடை நெல்லை அடுக்கி வைக்க வீட்டில் ஒரு மூலை போதும். அந்நெல்லைச் சூடடித்துத் தூற்றுவதற்கோ அகன்ற களம் வேண்டும். ஒருபுறம் கதிர், மறுபுறம் வைக்கோல், நடுவே பொலி. வேலை முடிந்தபின் களம் வெறுமையாகிவிடும். ஆனால் வேலை நடக்கும்போது களமின்றி ஒன்றும் ஆகாது.

அப்டேட்டும் அவ்வாறே. முன்னர் சிறு திருத்தம் ஒன்றுக்கும் செயலி முழுவதும் மறுபடி இறங்கி வந்தது. 2012 இல் கூகிள் நிறுவனம், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பும் முறையைத் தனது பிளே ஸ்டோரிற் கொண்டுவந்தது. 2016 இன் இறுதியில் அது மேலும் செம்மையாக்கப்பட்டது. அச்செம்மையான முறையில் வரும் புதுப்பிப்பு முழுச் செயலியைவிடச் சராசரியாக 65 சதவீதம் சிறியது என்று அந்நிறுவனம் அறிவித்தது. இதனால் நமது டேட்டாச் செலவு குறைந்தது உண்மை. இடச் செலவோ அவ்வளவிற் குறையவில்லை.

காரணம் எளியது. இறங்கி வந்தது ஒட்டுத்துணி மட்டுமே. தையற்காரர் பழைய சட்டையையும் ஒட்டுத்துணியையும் முன்னே வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்துப் புதிய சட்டை ஒன்றை முழுமையாகத் தைக்கின்றார். புதியது சரியாக அமைந்தது என்று கண்ட பின்னரே பழையது அகற்றப்படுகின்றது. அதுவரை மூன்றும் மேசைமேற் கிடக்கும். 150 மெகாபைட் செயலிக்கு 30 மெகாபைட் ஒட்டு வருகின்றது என்று கொள்வோம். பழைய 150 ஏற்கெனவே இடம் பிடித்திருக்க, ஒட்டுக்கு 30, புதிய சட்டைக்கு 150 அல்லது அதற்குச் சற்று மேல் என, இன்னும் 180க்கு மேற்பட்ட வெற்றிடம் வேண்டியதாகின்றது. நம்மிடம் இருந்ததோ 100. கருவி மறுத்தது முறைதானே? இடைநடுவில் மின்கலம் இறங்கிவிட்டாலும் பழைய செயலி பழுதின்றி இருக்கவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

இன்னும் ஒன்றுண்டு. செயலி வந்துசேரும் வடிவம் வேறு. கருவியில் விரைந்து ஓடும் வடிவம் வேறு. 2014 இல் வெளிவந்த அண்ட்ராய்ட் 5, செயலியை நிறுவும்போதே கருவியின் சொந்த மொழிக்குப் பெயர்த்து வைத்துக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டது. மூலநூலும் மொழிபெயர்ப்பும் ஒரே அலமாரியில் இருந்தால் இடம் இரட்டிக்கும் அல்லவா? 2016 இல் வந்த அண்ட்ராய்ட் 7, அடிக்கடி பயன்படும் பகுதிகளை மட்டும் பெயர்க்கும்படி இதனைத் திருத்தியது. எனினும், பிளே ஸ்டோரிற் கண்ட பதிவிறக்க அளவுக்கும் கருவியில் நிலைகொண்ட பின் காணும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு இம்மொழிபெயர்ப்பும் ஒரு காரணமே.

சுவரலமாரியிலுள்ள பழைய பிரதி

அப்டேட்டினால் உண்டாகும் இடச் செலவிற் பொதுமக்கள் அதிகம் அறியாத பகுதி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். யூரியூப், வரைபடம், குரோம் முதலிய செயலிகள் பல கருவிகளிலே தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டு வருகின்றன. அவை இருக்கும் இடம், வீடு கட்டும்போதே சுவரோடு சேர்த்துக் கட்டிப் பூட்டிய அலமாரி போன்றது. உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், பயன்படுத்தலாம். மாற்றவோ அகற்றவோ நம்மிடம் திறவுகோல் இல்லை.

அத்தகைய செயலிக்குப் புதுப்பிப்பு வரும்பொழுது என்ன நிகழும்? பூட்டிய அலமாரியிற் கைவைக்க இயலாமையின், புதிய பிரதி நமது அறையிலே, அதாவது நமது படங்களும் பாடங்களும் இருக்கும் இடத்திலே வைக்கப்படுகின்றது. பழையதோ அலமாரியில் அப்படியே இருக்கின்றது. ஒரே செயலிக்கு இரண்டு பிரதிகள்! ஒருநாளும் திறவாத செயலியாயினும், தானாகவே புதுப்பித்துக்கொள்ள இடங்கொடுத்திருந்தால், அது நமது அறையில் வந்து பாய் விரித்துவிடும். 'நான் ஒன்றும் புதிதாக இறக்கவில்லையே, இடம் எங்கே போயிற்று?' என்று பலர் மலைப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஏன் பருக்கின்றது?

2008 இல் விற்பனைக்கு வந்த முதல் அண்ட்ராய்ட் கைத்தொலைபேசியின் உட்சேமிப்பு வெறும் 256 மெகாபைட். இன்று ஒரே செயலி தன் தரவோடு சேர்ந்து அவ்வளவை விஞ்சுவது வழமையாகிவிட்டது. பிளே ஸ்டோரில் ஒரு செயலியின் அடிப்படைக் கோப்புக்கு விதித்திருந்த உச்ச அளவு 50 மெகாபைட்டாக இருந்தது. 2015 இல் அது 100 ஆக உயர்த்தப்பட்டது. வேலி தள்ளி நாட்டப்பட்டால் பயிரும் அதுவரை படரும்.

பருப்பதற்குச் சில காரணங்கள் நியாயமானவை. கூர்மையான திரைகளுக்குப் பெரிய படங்கள் வேண்டும். பல மொழிகள் வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்றன்றோ! 2019 ஆகஸ்ட் முதல், பிளே ஸ்டோருக்கு வரும் செயலிகள் 64 பிட் வகைக் கருவிகளுக்கு ஏற்பவும் அமையவேண்டும் என விதிக்கப்பட்டது. பழைய 32 பிட் கருவிகளையும் விடமுடியாதென்று இரண்டுக்குமான கட்டளைகளை ஒரே மூடையிற் கட்டி அனுப்பினோர் உளர். பெருநாளைக்கு ஒரு பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போனவரிடம் எல்லா அளவுச் சட்டைகளையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தாற் போன்றது அது. இக்குறையைப் போக்கவே, கருவிக்குத் தேவையான மொழி, திரை, கட்டளை ஆகிய பகுதிகளை மட்டும் பிரித்து அனுப்பும் முறை 2018 இல் அறிமுகமாயிற்று. 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

நியாயமற்ற காரணமும் ஒன்றுண்டு. அது மனித இயல்பைச் சேர்ந்தது. 1955 இல், அப்பொழுது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த பார்க்கின்சன் என்பார், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகின்றதோ அவ்வளவு நேரத்தையும் அது நிரப்பிக்கொள்ளும் என்று வேடிக்கையாக ஒரு விதி கூறினார். இடத்துக்கும் அது பொருந்தும். சுவிற்சர்லாந்து தேசத்துக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995 இல் எழுதிய கட்டுரையொன்றில், கருவிகள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள்கள் மந்தமடைகின்றன என்று வருந்தினார். கருவி பெரிதாகப் பெரிதாகச் சிக்கனம் மறக்கப்படுகின்றது. செயலியை ஆக்குவோரின் மேசையிற் புதிய, பெரிய கருவி இருக்கலாம். அதன் பாரத்தைச் சுமப்பதோ, நம்மூரில் நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் பழைய கருவி.

சிலேட்டும் ஈரத்துணியும்

இடம் நிறைந்தால் கருவி ஏன் மந்தமாகின்றது என்பதையும் மாணவர் அறிதல் நன்று. இன்றைய கைத்தொலைபேசிகளில் இருப்பது 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா கண்டுபிடித்த 'பிளாஷ்' என்னும் வகையைச் சேர்ந்த சேமிப்பு. அதில் எழுதியிருப்பதன் மேலேயே மறுபடி எழுத முடியாது, முதலில் அழிக்கவேண்டும். அழிப்பதும் எழுத்தெழுத்தாக அன்று. பெரும் பெரும் பகுதியாகவே. சிலேட்டில் ஒரு சொல்லை மாற்றவேண்டின், ஏனைய சொற்களை வேறொரு சிலேட்டுக்குப் பெயர்த்தெழுதிய பின், பழைய சிலேட்டு முழுவதையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்று கற்பனை செய்க. வெறுஞ் சிலேட்டுகள் பல கைவசம் இருந்தால் வேலை சுலபமாக நடக்கும். இல்லாவிடின் எழுதுவதும் துடைப்பதுமாகவே பொழுது போகும். ஆதலின் சேமிப்பிடத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் வெறுமையாக விட்டுவைப்பது நல்ல வழக்கம்.

புதுப்பிக்காமலே இருந்துவிட்டால்?

இவ்வளவு தொல்லை ஏன், அப்டேட்டையே நிறுத்திவிடுவோம் என்று சிலர் முடிவு செய்கின்றனர். அது வாசற்கதவு பெருத்துவிட்டதென்று கதவையே கழற்றிவிடுவதை ஒக்கும். 2019 மே மாதத்தில் வட்ஸ்அப்பிற் குறைபாடொன்று வெளிப்பட்டது. ஓர் அழைப்பை அனுப்பியே, நாம் அதை எடுக்காவிட்டாலும், உளவு மென்பொருளைக் கருவியினுட் புகுத்த அது வழி செய்திருந்தது. அந்நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டு, 150 கோடி பாவனையாளரையும் புதுப்பித்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டது. புதுப்பித்தவர் வீட்டில் அத்துவாரம் அடைபட்டது. அல்லாதவர் வீட்டில் அது திறந்தே கிடந்தது.

மேலும், புதுப்பியாமல் எந்நாளும் ஓட்டவும் இயலாது. 2023 அக்டோபர் 24 முதல் வட்ஸ்அப் அண்ட்ராய்ட் 5க்கு முற்பட்ட பதிப்புகளைக் கைவிட்டது. செயலிகள் முன்னே நடக்கின்றன. பழைய கருவி பின்னே ஓடுகின்றது. ஆகவே புதுப்பிப்பை வெறுப்பதில் வெற்றி இல்லை. அதற்கு வேண்டிய இடத்தைச் சரியான குவியலிலிருந்து எடுத்துக்கொடுப்பதே விவேகம்.

எதை முதலில் அகற்றுவது?

எதை அழிப்பதற்கு முன்னரும் ஒரே வினாவைக் கேட்க வேண்டும்: 'இது போனால் மறுபடி கிடைக்குமா?' கிடைக்கும் என்பன முதலிற் போகட்டும். கிடையாது என்பன கடைசிவரை இருக்கட்டும்.

கேஷ் மறுபடி கிடைக்கும். அதனைத் துடைப்பதால் இழப்பில்லை. ஆனால் அதன் அருகிலேயே 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா' என்று மற்றொரு பொத்தான் இருக்கும். அதனைத் தொட்டால் அச்செயலியில் உள்ள நமது தரவு போய்விடும். வட்ஸ்அப்பில் அவ்வாறு செய்தால், காப்புப் பிரதி இருந்தாலன்றி உரையாடல்கள் மீளா. இரண்டு பொத்தான்களையும் பிள்ளைகள் வேறுபடுத்தி அறிந்துகொள்ளல் அவசியம்.

அடுத்தது குழுக்களில் வந்து குவியும் காணொளிகளும் வாழ்த்துப் படங்களும். வெள்ளிக்கிழமைதோறும் பத்துக் குழுக்களிலிருந்து வரும் 'ஜும்ஆ முபாரக்' படங்களின் அன்பு மனத்தில் இருந்தாற் போதும், கருவியில் இருக்கவேண்டியதில்லை. வட்ஸ்அப்பின் செட்டிங்ஸிற் சேமிப்பை முகாமை செய்யும் பகுதியைத் திறந்தால், பெரிய கோப்புகளும் பலமுறை பகிரப்பட்டவையும் திரட்டிக் காட்டப்படும். ஊடகங்கள் தாமாக இறங்குவதையும் அங்கேயே நிறுத்தலாம். நாம் பிறர்க்கு அனுப்பிய படங்களுக்கும் தனிப் பிரதிகள் அதன் கோப்புறையிற் சேர்ந்திருக்கும், அவற்றையும் நோக்குக.

மூன்றாவது, பயன்படுத்தாத செயலிகள். நாமே இறக்கியவற்றை நீக்கிவிடலாம். தரவை இழக்க விருப்பமில்லையாயின், 2023 முதல் பிளே ஸ்டோரில் உள்ள 'ஆர்க்கைவ்' வசதியைப் பயன்படுத்தலாம்; செயலியின் பெரும்பகுதி அகன்று, நமது தரவு மட்டும் காத்திருக்கும். ஐபோன் உடையோர்க்கு இத்தகைய வசதி 2017 முதலே உண்டு. சுவரலமாரிச் செயலிகளுள் வேண்டாதவற்றுக்கு, 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்பதைத் தொட்டால் நமது அறையிலுள்ள பிரதி நீங்கும். அச்செயலியின் தரவும் அத்துடன் போகும் என்பதை மறவற்க. அதன்பின் 'டிசேபிள்' செய்துவிட்டால் அது மறுபடி வந்து பாய் விரிக்காது. பாதுகாப்புக் குறைந்த பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும் அபாயமும் இராது.

நான்காவது, எல்லாச் செயலிகளும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ள விடாமல், வட்ஸ்அப், வங்கிச் செயலி, இணைய உலாவி போன்ற இன்றியமையாதவற்றுக்கு முதலிடம் கொடுத்தல். வைஃபை கிடைக்கும்போது மட்டும் புதுப்பிக்குமாறு பிளே ஸ்டோரில் விதித்துவிட்டால் டேட்டாப் பணமும் மிஞ்சும்.

இவை அனைத்தும் செய்தபின்னரும் இடம் போதாவிட்டால் மட்டுமே படங்களின் பக்கம் திரும்புதல் வேண்டும். அப்பொழுதும் அழிப்பதற்காக அன்று, இடம் மாற்றுவதற்காக. சாதாரண 12 மெகாபிக்சல் படமொன்று ஏறத்தாழ 3 முதல் 5 மெகாபைட். ஒரு ஜிகாபைட்டில் ஏறக்குறைய 250 படங்கள் அடங்கும். ஒரு பென்டிரைவ் அல்லது மெமரி கார்ட் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வைத் தாங்கவல்லது. கூகிள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆயினும் 2021 ஜூன் 1 முதல் அதிற் சேர்க்கப்படும் படங்களும் அவ்வளவினுள்ளேயே எண்ணப்படுகின்றன. இரண்டு வேறு இடங்களில் வைப்பது உத்தமம். ஒன்றைக் கடல் கொண்டாலும் மற்றொன்று இருக்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்பிவிட்டோம், அதுவே காப்பு என்று இருந்துவிடலாகாது. வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு அதன் கூர்மை குறைகின்றது. கூகிள் போட்டோஸிற் காப்புச் செய்த படத்தை அச்செயலியிலேயே சாதாரணமாக அழித்தால், கருவியிலும் கணக்கிலும் ஒருங்கே அழியும். கருவியில் மட்டும் அகற்றுவதற்கு 'பிரீ அப் ஸ்பேஸ்' என்ற தனி வழி உண்டு. தவறி அழித்துவிட்டாலோ உடனே குப்பைக்கூடையை நோக்குக. காப்புச் செய்த படம் 60 நாளும், செய்யாதது 30 நாளும் அங்கே இருக்கும். அது வெறுமையாக்கப்படும்வரை இடமும் முழுமையாகக் கிடைக்காது.

மாணவச் செல்வங்களே! வீட்டில் இக்கருவியின் நுட்பம் அறிந்தவர்கள் பெரும்பாலும் நீங்களே. சாவி உங்கள் கையில் இருப்பதால் பெட்டகத்தினுள் இருப்பதெல்லாம் உங்களுடையதாகிவிடாது. உங்களுக்கு மங்கலாகவும் கோணலாகவும் தோன்றும் ஒரு படம், உம்மாவுக்கு அவருடைய தந்தையை மறுபடி காணும் ஒரே வழியாக இருக்கலாம். ஆகையால் விடுமுறை நாளொன்றில் பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படத்தையும் காட்டி, யார் எவர் எந்த ஆண்டு என்று கேட்டுப் பெயரெழுதி, வேறோரிடத்திற் சேர்த்துவையுங்கள். சேர்த்தது சரியாகத் திறக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் அவ்வளவு நேரம் காத்திருக்கும். அது நாளைக்கும் வரும்.